மாயவீரரும் நாமும்

(சங்கத்தின் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



இன்று எமக்குத் தரப்பட்ட தலைப்பு "சூப்பர் ஹீரோ படங்கள் சிறுவரைக் கெடுக்கின்றனவா?" என்பது. முடிவில் ஒரு கேள்விக்குறி இருக்கிறதாயினும், தலைப்பைத் தந்தவர்களின் முகத்திலேயே விடையையும் கண்டுகொண்டோம். செயற்குழுவின் முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. வாணி விழாவில் நம் சங்கம் நடத்தும் வினோத உடைப் போட்டியில் இனிப் புராண, இதிகாச, சரித்திர பாத்திரங்களைத் தவிர வேறு வேடத்துக்கு இடமில்லை என்பதே அது. சென்ற போட்டியில் சிலந்தி மனிதர்களும் வௌவால் மனிதர்களும் வரிசையாக வந்தார்கள். இரும்பு மனிதர் ஒருவர் பிஸ்கற் தகரத்தைக் கவசமாகக் கட்டிக்கொண்டு வந்தார். பாரதியாராக வந்தவர் ஒருவரே, அவருடைய மீசையும் மேடைப்படியில் விழுந்துவிட்டது. பெரியோர்கள் மனம் நொந்ததில் வியப்பில்லை.

அத்தீர்மானத்தை ஆதரிப்போம் என்று நம்பியே எம்மை அழைத்தார்கள். நம்பியதில் நியாயமும் உண்டு. இப்படங்கள் எமக்குப் பிடிப்பதில்லை என்பதை விடுதியிலும் கலஹா வீதியிலும் பலமுறை உரக்கச் சொல்லியிருக்கிறோம், இன்றும் சொல்கிறோம். வானத்தில் ஒரு பிளவு திறக்கும். அதனின்று ஒரு படை இறங்கும். நகரம் ஒன்று பொடியாகும். அங்கே செத்தவர் எத்தனை பேர், வீடிழந்தவர் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்கமாட்டார். கடைசியில் அடுத்த படத்துக்கு விளம்பரமாக ஒரு துண்டுக் காட்சி வரும். வீடுகள் பொடியானதை உண்மையாகவே கண்ட ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்த விளையாட்டு இலகுவில் இனிக்காது.

ஆயினும் நாம் இங்கே நிற்பது தீர்மானத்தை ஆதரிக்க அன்று. காரணத்தைப் பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறோம்.

"எனக்குப் பிடிக்கவில்லை" என்பது நம்மைப் பற்றி நாம் சொல்லும் ஒரு செய்தி. "அது கெட்டது" என்பது அப்பொருளைப் பற்றிய ஒரு தீர்ப்பு. நாம் முன்னதைச் சொல்லத் தொடங்கிப் பின்னதில் போய் முடிக்கிறோம். இடையே ஒரு கேள்வி இருந்ததை மறந்துவிடுகிறோம். அது எவருக்காகச் செய்யப்பட்டது என்பதே அக்கேள்வி. இதைச் சொல்வது எளிது. சொல்லியவுடன் ஒரு சிக்கலும் எழுகிறது. நமக்கென்று செய்யப்படாததும் சில வேளை நமக்குப் பிடித்துவிடுகிறதே! நாம் படித்தது ஒரு மிஷன் பாடசாலை. காலைப் பிரார்த்தனையில் சிம்சோன் கதையை வாசிப்பார்கள்; கழுதையின் தாடை எலும்பு ஒன்றினால் ஆயிரம் பேரை வீழ்த்தியவன். திருநீறு பூசிய நெற்றியோடு பின்வரிசையில் நின்ற எமக்காக அக்கதை வாசிக்கப்படவில்லை என்பது அந்த வயதிலேயே எமக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் முழுதும் விளையாட்டு மைதானத்தில் நாமெல்லாம் சிம்சோன்களாகவே திரிந்தோம். பாடசாலையார் தடுக்கவில்லை, வீட்டாரும் தடுக்கவில்லை.

அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டு வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இரு இளைஞரும் அந்தச் சிம்சோனையும் கிரேக்கரின் ஹெர்குலிசையும் மனத்திற்கொண்டே படைத்தார்கள். இருவரும் குடியேறி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். கிளீவ்லாந்து நகரத்தில் வளர்ந்தவர்கள். பத்துச் சதச் சஞ்சிகை ஒன்றில் அவ்வீரன் தோன்றினான். உரிமை முழுவதையும் 130 டொலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் அப்பாவிகள். அச்சஞ்சிகையை வாங்கியவர்கள் பெரும்பாலும் சிறுவர். பெரியவர்கள் பலர் அதை வாசிக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். 1948 இல் நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹாம்டன் நகரில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலையின் மாணவர் வீடு வீடாகச் சென்று இத்தகைய சித்திரக்கதைப் புத்தகங்களைச் சேகரித்துவந்து முற்றத்தில் குவித்துத் தீ மூட்டினார்கள். ஐரோப்பாவில் புத்தகம் எரித்தவர்களோடு யுத்தம் செய்து முடித்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன!

அக்காலத்து எதிர்ப்பாளருள் தலைசிறந்தவர் பிரெடெரிக் வெர்தம் என்னும் மனநோய் வைத்தியர். அவரை மூடர் என்று எவரும் எண்ணவேண்டாம். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களுக்கு மனநோய் வைத்தியமே கிடைக்காதிருந்த காலத்தில், 1946 இல் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் வைத்தியசாலை நடத்தியவர். அங்கே வந்த சிறுவரோடு மணிக்கணக்காகப் பேசியவர். அப்பேச்சுக்களைக் கொண்டு 1954 இல் ஒரு நூல் எழுதி, சித்திரக்கதை குழந்தைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்றார். அமெரிக்க செனற் சபை விசாரணை வைத்தது. பதிப்பாளர்கள் அஞ்சித் தாமே ஒரு தணிக்கை விதி எழுதிக்கொண்டார்கள். அவ்விதியின் எச்சம் 2011 வரையில் இருந்தது. அவர் இறந்து பல ஆண்டுகளின் பின், அவருடைய கையெழுத்துப் பிரதிகள் ஆய்வாளருக்குத் திறக்கப்பட்டன. கரோல் டில்லி என்னும் நூலகவியல் ஆய்வாளர் அவற்றை நூலோடு ஒப்பிட்டுப் பார்த்து 2012 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல பிள்ளைகள் சொன்னதை ஒரு பிள்ளை சொன்னதாகச் சேர்த்தும், ஒரு பிள்ளையைப் பல பிள்ளைகளாகப் பிரித்தும், வீட்டில் பட்ட அடியையும் தெருச்சண்டையையும் விட்டுவிட்டுப் புத்தகத்தின்மேலேயே பழியைப் போட்டும் வெர்தம் எழுதியிருந்தமை தெரியவந்தது.

இதை இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள், அவர்களைக் கேளுங்கள்" என்று இக்காலத்தில் எல்லோரும் அறிவுரை கூறுகிறார்கள். வெர்தம் உட்கார்ந்தார், கேட்டார், ஆனால் விடையை முன்னரே கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

அமெரிக்கா கிடக்கட்டும். அதே 1954 ஆம் ஆண்டில் நம்மிடையே என்ன நடந்தது என்று பார்ப்போம். நாமக்கல் கவிஞர் எழுதிய நாவலொன்று "மலைக்கள்ளன்" என்னும் திரைப்படமாக வந்தது. ஊருக்கு ஒரு முகமும் ஏழைக்கு வேறொரு முகமும் காட்டி, இரட்டை வாழ்வு வாழ்ந்து, மலைமேல் மறைவிடம் வைத்திருந்து, அநியாயக்காரரை அடக்கும் வீரன். முகமூடியையும் மேலங்கியையும் கொடுத்துவிட்டால் இன்றைய வௌவால் மனிதனுக்கும் அவனுக்கும் எத்தனை தூரம்? அப்படம் சிங்களத்திலும் "சூரசேன" என்ற பெயரில் எடுக்கப்பட்டது. வீரனாக நடித்த எம். ஜி. இராமச்சந்திரன் பிறந்த ஊரை இச்சபைக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. பேராதனையில் புகையிரதம் ஏறிக் கம்பளையைக் கடந்தால் நாவலப்பிட்டி. 1917 தை மாதத்தில் அவர் அங்கே பிறந்தார். தந்தையார் இறந்தபின் சிறு குழந்தையாகவே அக்கரை போனார்.

அவருடைய படங்களைப் படித்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை இங்கே இருக்கும் பெரியோர்களே எமக்குச் சொல்லியிருக்கிறார்கள். "கலரிக்காரரின் படம்" என்றார்களாம். ஆசிரியர் பார்த்துவிடுவாரோ என்று தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு "எங்க வீட்டுப் பிள்ளை"க்குப் போனதாக ஒரு பெரியவர் சொன்னார். அது 1965 ஆம் ஆண்டுப் படம். இன்று அவர் தம் பேரப்பிள்ளையின் சிலந்தி மனிதனைக் கண்டு தலையில் அடித்துக்கொள்கிறார்! அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். முன்வரிசையில் அவர் சிரிப்பதும் தெரிகிறது.

ஆனால் சிரிப்போடு விடக்கூடிய விஷயம் அன்று இது. படகோட்டி, தொழிலாளி, விவசாயி, ரிக்‌ஷாக்காரன் என்று அந்த வீரர் போட்ட வேடங்களின் பெயரைப் பாருங்கள். 1964 முதல் 1971 வரையில் வந்த படங்கள் இவை. தம் தொழிலை ஒரு வீரன் திரையில் செய்வதைக் கலரியில் இருந்தவன் கண்டான். பின்வரிசைக் கனவானுக்கு அது மிகையாகத் தெரிந்தது. தெரியத்தான் செய்யும், அவர் படகு வலித்தவர் அல்லரே. நம் பல்கலைக்கழகத்திலே படித்தவரான பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, 1981 இல் தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலில் ஒரு விஷயத்தைச் சுட்டினார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் நிகழ்ச்சிக் கூடம் படமாளிகையே என்பது அது. சாதி பார்த்து இடம் கொடுக்கவில்லை. காசு பார்த்து இடம் கொடுத்தார்கள். படம் நல்லதோ கெட்டதோ, அந்தக் கூரை பலருக்குத் தேவையாயிருந்தது. "ரசனை கெட்டவர்கள்" என்று சொன்னவர்களின் கண்ணுக்கு அது தட்டுப்படவில்லை.

இதனால் எம். ஜி. ஆர். படங்களைப் பற்றி வெளியார் எவரும் வாய் திறக்கக்கூடாதென்று பொருளா? அன்று. எம். எஸ். எஸ். பாண்டியன் என்னும் ஆய்வாளர் 1992 இல் எழுதிய நூல் அவ்வீரரைப் பற்றி எழுந்த விமர்சனங்களுள் மிகக் கடுமையானது. திரையில் ஏழைக்காகச் சாட்டை எடுத்தவர் 1977 முதல் பத்தாண்டு நடத்திய ஆட்சியில் அதே ஏழைக்குக் கிடைத்தது சொற்பம் என்று அவர் கணக்குக் காட்டினார். பாண்டியன் அப்படங்களின் ரசிகர் அல்லர். ஆனால் அவற்றைப் பார்த்தார், ரசிகன் ஏன் உருகினான் என்பதை நாட்டார் வீரர் கதைகளிலிருந்து விளக்கினார், பிறகே கண்டித்தார். தலையில் துவாய் போட்டவரின் வெறுப்புக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைத்தான் நாம் இச்சபையின் முன் வைக்க விரும்புகிறோம். ஒரு பொருளை விரும்புகிறவன் அதில் என்ன பெறுகிறான் என்று அவன் ஒப்புக்கொள்ளும்படி சொல்ல முடியுமானால், அதன்பின் எத்தனை கடுமையாகவும் கண்டிக்கலாம்.

நாட்டார் வீரர் என்றதும் நம் வளாகத்தின் கதையொன்று நினைவுக்கு வருகிறது. மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்தைப் படித்த தமிழர் நெடுங்காலம் நாட்டுப்புறத்தார் விளையாட்டு என்றே ஒதுக்கிவைத்திருந்தனர். 1956 இல் பேராசிரியர் சரச்சந்திர சிங்கள நாடக மரபிலிருந்து "மனமே"யைப் படைத்தார். அதைக் கண்டபின் நம் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தின் பக்கம் திரும்பினார், அண்ணாவிமாரை நாடினார், 1960களில் பேராதனை மாணவரைக் கொண்டே "கர்ணன் போர்", "இராவணேசன்", "வாலிவதை" ஆகியவற்றை மேடையேற்றினார். இராவணனாக ஆடியவர் அன்று மாணவராயிருந்த சி. மௌனகுரு. இவையெல்லாம் பெருமையோடு நாம் அடிக்கடி பேசும் விஷயங்களே. அவ்வளவாகப் பேசாத ஒன்றும் உண்டு. வட்டக்களரியைச் சுற்றி ஊரே இருந்து விடியும்வரை பார்த்ததை, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையில், நகரத்தார் பொறுக்கக்கூடிய நேரத்துக்குச் சுருக்கவேண்டியிருந்தது. சுருக்கியிராவிட்டால் நாம் பார்த்திருக்கமாட்டோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை; ஒரு கலையை மதிக்கத் தொடங்குமுன் அதை நம் அளவுக்கு வெட்டித் தைக்கவேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே ஆண்டுகளில் இவ்வளாகத்தைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே, தோட்டங்களின் லயத்து முற்றங்களிலே, மாசி மாதத்தில் காமன் கூத்தும், திருவிழாக் காலங்களில் பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் ஆடப்பட்டே வந்தன. அவை எவ்வளவோ அருகில் இருந்தும் அந்த மேடைப் பெருமையைப் பெறவில்லை. பொன்னர் சங்கர் கதையில் இரண்டு அண்ணன்மார், எவராலும் வெல்ல முடியாத வலியர், தங்கை ஒருத்தி, வஞ்சனை, படுகளம். அமெரிக்கக் கம்பெனியார் கேள்விப்பட்டால் மூன்று பாகமாக எடுப்பார்கள். சென்ற போட்டியில் ஒரு தோட்டத்துச் சிறுவன் கடதாசி வாளும் தலைப்பாகையுமாகச் சங்கராக வந்தான். யாரென்று அறியாத அறிவிப்பாளர் "அடுத்ததாக ஒரு ராசா" என்றார். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வாளைச் சுழற்றிவிட்டு இறங்கிப்போனான். இப்போது வந்திருக்கும் தீர்மானத்தைக் கவனித்துப் பாருங்கள். சங்கர் புராணத்தில் இல்லை, இதிகாசத்தில் இல்லை, பாடசாலைச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லை. சிலந்தி மனிதனை நிறுத்துவதற்குக் கட்டிய வேலி முதலில் நிறுத்தப்போவது நம் சங்கரைத்தான்.

நிற்க. இதுவரை பெரியோர்களிடம் பேசினோம். இனி எம் வயதினரிடம் பேசவேண்டும். குற்றம் அங்கே குறைவன்று.

2018 இல் அமெரிக்க நடிகை பிரீ லார்சன் ஒரு பரிசளிப்புக் கூட்டத்தில் பேசினார். சிறுமியருக்கென எடுத்த ஒரு படத்தில் தமக்கு எது பிடிக்கவில்லை என்று நாற்பது வயது வெள்ளைக்காரர் சொல்லத் தமக்குத் தேவையில்லை, அது அவருக்காக எடுத்ததன்று என்ற கருத்துப்படக் கூறினார். மறு ஆண்டு அவரே "கப்டன் மார்வல்" என்னும் வீராங்கனைப் படத்தில் நடித்தபோது, படம் வெளிவருமுன்னரே அதைத் தூற்ற ஒரு கூட்டம் கிளம்பிற்று. அவர் பேச்சில் அவர்கள் பிடித்துக்கொண்ட வாக்கியம் ஒன்றே. அதே பேச்சில் அவர் ஒரு கணக்கும் சொல்லியிருந்தார். 2017 ஆம் ஆண்டின் பெரிய படங்கள் நூற்றை மதிப்பிட்ட முன்னணி விமர்சகருள் நூற்றுக்கு 67 பேர் வெள்ளை ஆண்கள். நிறமுள்ள பெண்கள் நூற்றுக்கு 2.5 பேர். வெள்ளைக்காரரை வெளியேற்றும்படி அவர் கேட்கவில்லை. மற்றவருக்கும் நாற்காலி போடுங்கள் என்றே கேட்டார். "இது உனக்கல்ல, வாயை மூடு" என்று சொல்லியிருந்தால் நாமும் எதிர்ப்போம். பாண்டியனுக்கு அந்த விதியைப் போட்டிருந்தால் அந்த நூல் வந்திராது.

இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசியின் பேச்சு இன்னும் பெரிய புயலைக் கிளப்பிற்று. 2019 இல் மார்வல் கம்பெனியின் படங்கள் சினிமாவே அல்ல, கேளிக்கைப் பூங்காவைப் போன்றவை என்றார். வாலிபர் பலர் அவரைக் கிழவர் என்று ஏசினார்கள். அவர் பின்னர் எழுதிய விளக்கத்தை ஏசியவர்கள் வாசித்தார்களோ, இல்லையோ! தாம் இளைஞராயிருந்து இப்படங்களோடு வளர்ந்திருந்தால் தமக்கும் பிடித்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அவருடைய உண்மையான வழக்கு வேறு. இப்படங்கள் படமாளிகைகளை நிரப்பிவிடுவதால் மற்றப் படங்களுக்கு இடமில்லாமற் போகிறது என்பது. ரசனையைப் பற்றி அவர் சொன்னதை நாம் விட்டுவிடலாம். இடத்தைப் பற்றிச் சொன்னதை விடமுடியாது. படம் எவருக்காக எடுக்கப்பட்டிருந்தாலும் படமாளிகை எல்லோருக்கும் பொது.

இனி விடுதிக்கு வருவோம். 2022 இல் "மிஸ் மார்வல்" என்னும் தொடர் வந்தது. ஜெர்சி நகரத்தில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பமொன்றின் பதினாறு வயதுப் பெண் கமலா கான் அதன் நாயகி. அது வெளிவந்தவுடனேயே இணையத்தில் குறைந்த புள்ளியாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். இங்கே நம் நண்பர்களும் அதையே செய்தார்கள். முதல் அங்கத்தில் பாதியைக் கூடப் பார்க்காமல் "பொட்டைப் பிள்ளைகளின் படம்" என்று முடித்துவிட்டார்கள். எமக்கும் அத்தொடர் பிடிக்கவில்லை. ஆறு அங்கமும் பார்த்தபின்னும் பிடிக்கவில்லை. ஒளிரும் வளையலும் மாய உலகமும் எம் மனத்தில் ஒட்டவில்லை. ஆனால் அதைக் கட்டுகஸ்தோட்டையில் எம் சின்னம்மாவின் மகளோடு இருந்து பார்த்தோம். அவளுக்குப் பதின்மூன்று வயது.

முதல் அங்கத்தில் ஒரு காட்சி. வீரர்களின் ரசிகர் கூடும் விழாவொன்றுக்கு இரவில் போகக் கமலாவுக்கு ஆசை. தாய் விடமாட்டாள். பிறகு பெற்றோர் மனமிரங்கி ஒரு வழி சொல்கிறார்கள். தந்தையும் கூடப்போவார் என்று. தந்தை பச்சை மனிதன் ஹல்க்கின் வேடத்தில் உற்சாகமாக வந்து நிற்கிறார். மகளுக்கும் அதே மாதிரி சல்வார் உடுப்பு ஒன்று தயார். மகளோ வெட்கத்தினால் சுடுசொல் சொல்லிவிடுகிறாள். தந்தையின் முகம் சுருங்குகிறது. எமக்கு அது கதையை வளர்க்கும் சிறு காட்சி. பக்கத்தில் இருந்தவளோ தொடரை நிறுத்திவிட்டாள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா போன மாதம் என்ர பள்ளிக்கூட விழாவுக்குச் சாரத்தோட வந்தவர், அண்ணா" என்றாள். அவ்வளவுதான், மீண்டும் ஓடவிட்டாள். வானத்தில் நடந்த சண்டைகளின்போது அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் பேசும் இடங்களில் மட்டும் நிமிர்ந்தாள். பிரிவினைக்கால இரயில் நிலையத்தில் குழந்தை தொலையும் காட்சி வந்தபோது, 1947 இல் என்ன நடந்ததென்று எம்மிடம் கேட்டாள். எமக்குத் தெரிந்த அளவு சொன்னோம்.

பொட்டைப் பிள்ளைகளின் படம் என்று சொன்ன நண்பரைப் பார்த்து ஒன்று கேட்கிறோம். நண்பரே, அது உண்மைதான். அவர்களின் படமாக இருந்தால் உமக்கு என்ன நட்டம்? உம்முடைய வௌவால் மனிதன் ஆண்டுதோறும் வந்துகொண்டுதானே இருக்கிறான்.

இனி, கெடுதியே இல்லையா என்று கேட்கும் பெரியோர்களுக்கு ஒரு சொல். உண்டு. இந்தியாவில் தூரதர்ஷன் 1997 முதல் 2005 வரை "சக்திமான்" தொடரை ஒளிபரப்பியபோது, சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிச் சிறுவர் தீங்கு தேடிக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. நாயகராக நடித்த முகேஷ் கன்னா அச்செய்திகளை மறுத்தார். ஆயினும் பிள்ளைகளை நோக்கி, இவற்றைச் செய்து பார்க்கவேண்டாம் என்று எச்சரிக்கவும் செய்தார். சிறு குழந்தைக்கு வேடமும் உண்மையும் ஒன்றே. அங்கே பெற்றோர் காவல் இருக்கத்தான் வேண்டும். அது ரசனையைப் பற்றிய பேச்சன்று. அவ்வாறே பணமும். சிலந்திப் படம் போட்ட புத்தகப்பைக்கும் போடாத பைக்கும் கண்டிக் கடைவீதியில் விலை விசாரித்துப் பாருங்கள். படம் பிள்ளைக்காக எடுக்கப்பட்டது. பை தகப்பனுடைய சட்டைப்பைக்காகவே தைக்கப்பட்டது. அதைக் கண்டிக்கத் தகப்பனுக்கு முழு உரிமையும் உண்டு. பிஸ்கற் தகரத்தில் கவசம் செய்த அந்த இரும்பு மனிதர் எவர் பையையும் தொடவில்லை. அவருக்கு ஆறுதல் பரிசும் கிடைக்கவில்லை என்பது எம் மனத்தில் இன்னும் உறுத்துகிறது.

ஆகையால் தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். வேடம் எதுவாகவும் இருக்கலாம். வேடமிட்ட பிள்ளை மேடையில் நின்று, தான் யார், இவ்வேடத்தை ஏன் தெரிந்தெடுத்தான் என்பதை இரண்டு நிமிடம் தமிழில் சொல்லவேண்டும். அறிவிப்பாளர் ஊகித்துச் சொல்ல வேண்டியிராது. கடையில் வாங்கிய உடைக்குப் புள்ளி கிடையாது. வீட்டில் செய்ததற்கே உண்டு. நடுவர் மூவருள் ஒருவர் 15 வயதுக்கு உட்பட்டவராக இருக்கவேண்டும். மற்ற இருவரும் இப்போது இருப்பவர்களே இருக்கட்டும். அவர்களுக்குப் பிடிக்காததை அவர்கள் மேடையிலேயே சொல்லலாம், பிள்ளை பதில் சொல்லட்டும்.

முன்மொழிய நாம் இருக்கிறோம். வழிமொழிய ஒருவர் வேண்டும். சங்க விதிப்படி அவர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட அங்கத்தவராக இருத்தல் அவசியம். பொதுக்கூட்டத்துக்கு முன் எவரேனும் செயலாளரிடம் பெயர் கொடுத்தால் நன்றியுடையோம்.